ஆறாயிரம் வோல்ட் துரை

கொழும்பு–கண்டி வீதியில் வரக்காப்பொல வந்ததும் பயணிகள் இறங்கித் தலகுலி வாங்குவார்கள். எள்ளையும் கருப்பட்டியையும் இடித்து உருட்டிக் காகிதத்தில் சுற்றிய உருண்டை. ஊரின் புகழ் அத்தோடு சரி. உலகத்து ஒலிக்கருவிகளின் வரலாற்றை எழுதியவர்களில் ஒருவராவது எங்கள் ஊரைச் சொல்லியிருக்கிறாரா என்றால், இல்லை. அவர்கள் யாரும் தலகுலி தின்றதில்லை போலிருக்கிறது. ஆகவே அந்த வரலாற்றில் எனக்குப் பிடித்த ஒரு துண்டை, நிலைமின் ஸ்பீக்கரின் கதையை, ரப்பர் தோட்டத்து லயத்தின் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு நானே சொல்லிவிடுகிறேன்.

லயத்தில் வளர்ந்தவனுக்கு இந்தக் கதையில் ஒரு வசதி உண்டு. துரை என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியும். வெளுத்த, மெலிந்த ஆள். ஈரம் ஆகாது, தூசி ஆகாது, பக்கத்தில் யாரும் சத்தமாகப் பேசினாலும் ஆகாது. அவர் என்ன வேலை செய்கிறார் என்று யாருக்கும் சொல்லத் தெரியாது; ஆனால் அவர் இருந்தால்தான் தோட்டம் தோட்டமாக இருக்கும் என்று கிளாக்கர்மார் அடித்துச் சொல்வார்கள். வெயிலில் காய்ந்து வேர்த்துக் கொட்டுவது அவருக்குக் கீழே இருக்கும் கங்காணி. நிலைமின் ஸ்பீக்கரின் கதையும் இதுதான். கங்காணி என்று வரும் இடத்தில் அம்பிளிபயர் என்று போட்டுக்கொண்டால் போதும்.

சாதாரண ஸ்பீக்கரைப் பால்வெட்டுகிற தொழிலாளி என்று வைத்துக்கொள்ளலாம். காந்தம், கம்பிச் சுருள், காகிதக் கூம்பு. அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பனியைச் சேர்ந்த ரைஸ், கெல்லாக் என்ற இருவர் 1925-இல் அதற்கு இன்றைய உருவத்தைக் கொடுத்தார்கள். அன்று முதல் இன்று வரை கல்யாண வீடு, கோயில், கட்சிக் கூட்டம் என்று எல்லா இடத்திலும் அது முறைப்பாடு இல்லாமல் உழைத்து வருகிறது. அதே 1925 டிசம்பர் 16-ஆம் தேதி, கொழும்பு வெலிக்கடையில் எங்கள் வானொலியும் முறைப்படி பேச ஆரம்பித்தது. தந்தி இலாகாவின் எஞ்சினியர் எட்வர்ட் ஹார்ப்பர், அதற்கு முன் நடத்திய சோதனை ஒலிபரப்புக்குப் பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் ரேடியோச் சாமான்களைக் கழற்றிப் பூட்டினார் என்பார்கள். அதாவது நமது ஒலிபரப்பு பிறந்ததே கழற்றிய சாமானில். அந்தக் குலத்தொழிலை வரக்காப்பொலவில் ரேடியோ திருத்துகிற பாஸ்மார் கைவிடாமல் காப்பாற்றி வந்திருக்கிறார்கள்.

கெல்லாக் ஒரு தொழிலாளியைப் பெற்றதோடு நிற்கவில்லை. காகிதமும் சுருளும் இல்லாமல், மின்னேற்றம் செய்த மெல்லிய படலம் ஒன்றையே ஆட்டிப் பாட வைக்கலாம் என்று யோசித்து 1934-இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். நிலைமின் ஸ்பீக்கர் என்பது அதுதான். ஆனால் செய்வதற்கு ஏற்ற படலம் அப்போது உலகத்தில் இல்லை. நல்ல பிளாஸ்டிக் வருவதற்கு இன்னும் பதினைந்து, இருபது வருடம் இருந்தது. துரை பிறப்பதற்கு முன்னமே துரைக்குப் பிறப்புச் சான்றிதழ் எழுதியாகிவிட்டது என்று அர்த்தம். எங்கள் சனம் பிறந்து, தோட்டத்தில் உழைத்து, பேரன் பேத்தி கண்ட பிறகும் இந்த நாட்டில் அந்தப் பத்திரத்துக்கு அலைந்ததை நினைத்தால், துரைமாரின் யோகமே யோகம்.

இனி அவருடைய உடம்பைப் பார்ப்போம். ஓட்டை போட்ட இரண்டு தகடுகள். நடுவில் காற்றைவிடக் கனம் குறைந்தது என்று சொல்லத்தக்க ஒரு படலம், தம்புராக் கம்பிபோல இழுத்துக் கட்டியது. படலத்துக்கு ஆயிரக்கணக்கான வோல்ட் ஏற்றி வைக்க வேண்டும். பாட்டு, ஒரு டிரான்ஸ்போர்மர் வழியாகப் பன்மடங்காகி இரண்டு தகடுகளுக்கும் எதிரெதிராகப் போகும். ஒரு தகடு படலத்தை இழுக்கும், மற்றது தள்ளும். படலத்தின் எந்தப் பகுதியும் பின்தங்காமல் முழுப் படலமும் ஒன்றாக அசைவதால் குரல் அவ்வளவு தெளிவு. பாடகி மூச்சு வாங்குவது, வயலின்காரர் கதிரையில் அசைவது எல்லாம் கேட்கும். சாதாரண ஸ்பீக்கரில் காகிதத்தின் நடுப்பகுதி போன பிறகுதான் ஓரம் கிளம்பும், பெரட்டுக்கு வந்த ஆட்கள் மலைக்குப் போகிற மாதிரி.

இந்தத் துரையைக் கடைசியில் உருப்படியாகப் பெற்றெடுத்தவர் பீட்டர் வாக்கர். 1936-இல் லண்டனில் கம்பனி தொடங்கிய அவர் முதலில் செய்தது என்ன தெரியுமா? பொதுக்கூட்டங்களுக்கு ஒலிபெருக்கி செட். நமது ஊர்க் கணக்கில் சொன்னால், தேர்த் திருவிழாவுக்கு ஸ்பீக்கர் கட்டுகிற ஆள். ஜெர்மன்காரன் குண்டு போட்டதில் இடம் போக, 1941-இல் ஹண்டிங்டன் என்ற சின்ன ஊருக்குக் கம்பனியை மாற்றினார். ஜெர்மன்காரன் நீர்மூழ்கியைப் பறிகொடுத்து நமக்கு வானொலி தந்தான். குண்டைப் போட்டு ஹண்டிங்டனுக்கு வாக்கரைத் தந்தான். ஒலித்துறையில் அவனுடைய பங்கை இன்னும் யாரும் சரியாக மதிப்பிடவில்லை.

வாக்கருடைய பெட்டிகளின் பெயர் 'குவாட்'. அவருக்குத் துணை நின்றவர் வில்லியம்சன். 1947-இல் 'வயர்லெஸ் வேர்ல்ட்' சஞ்சிகையில் ஒரு வால்வ் அம்பிளிபயரின் வரைபடத்தைப் போட்டு, உலகம் முழுக்க இளைஞர்களின் விரல்களில் ஈயப் பற்று வைக்கச் செய்த மனிதர் அவர்தான். நிலைமின் ஸ்பீக்கர் பற்றிய தமது கட்டுரைகளை வாக்கர் 1955-இல் எழுதியதும் அதே சஞ்சிகையில். இன்னொரு விஷயம். பூமியோடு சேர்ந்து சுற்றுகிற செயற்கைக் கோளை வானத்தில் நிறுத்தினால் உலகம் முழுக்க ஒலிபரப்பலாம் என்று 1945-இல் ஆர்தர் சி. கிளார்க் எழுதியதும் அதில்தான். கிளார்க் 1956-இல் இலங்கைக்கு வந்து சேர்ந்து, சாகும்வரை இங்கேயே இருந்தார். வாக்கரின் ஸ்பீக்கர் 1957-இல் கடைக்கு வந்தது; எங்கள் வீதிப் பக்கம் வந்து நான் பார்த்ததில்லை. சஞ்சிகை ஒன்றுதான். கடலில் நீந்த ஆசைப்பட்ட கிளார்க் வந்தார், ஈரம் ஆகாத துரை வரவில்லை. அவரும் புத்திசாலிதான். கேகாலை மாவட்டத்து மழையில் அவர் ஒரு வருடம் தாங்கியிருப்பாரா என்பது சந்தேகம். படலத்து மின்னேற்றம் ஈரக் காற்றில் கசியும், தூசியை இழுத்து ஒட்ட வைத்துக்கொள்ளும், பிறகு 'டிக்... டிக்...' என்று பல்லி சகுனம் சொல்லுகிற மாதிரிப் பொரிய ஆரம்பிக்கும்.

ஆளைப் பார்த்தால் அறை சூடாக்கும் மின் அடுப்பு மாதிரி இருப்பார் என்று இங்கிலாந்தில் கேலி செய்வார்களாம். நமக்கு அந்தக் கேலி புரியாது. சுவெட்டர் போடாத ஊர் இது. அவர் தனிக்கட்டையாகத்தான் சந்தைக்கு வந்தார். அன்று இசைத்தட்டுக்கு ஒரே குரல்வழி. வீட்டுக்கு ஒரு ஸ்பீக்கர் போதும். மறுவருடமே, 1958-இல், ஸ்டீரியோ இசைத்தட்டு கடைகளுக்கு வந்தது. ஒன்றை வாங்கியவன் எல்லாம் ஜோடிக்கு இன்னொன்றைத் தேட வேண்டியதாயிற்று. ஒரு தொழிற்சாலைக்கு இதைவிட நல்ல சாமி வரம் கிடைக்குமா?

இப்போது கங்காணியின் பாட்டுக்கு வருவோம். சாதாரண ஸ்பீக்கர் கரண்டை வாங்கினால் வாங்கியதுதான். கொஞ்சத்தைச் சத்தமாகவும் மிச்சத்தைச் சூடாகவும் தானே செலவழித்துவிடும். துரை அப்படி இல்லை. இரண்டு தகடு, நடுவில் வெளி: மின்சாரத்தின் கண்ணுக்கு அவர் ஸ்பீக்கரே கிடையாது, பெரிய கண்டென்சர். பள்ளிக்கூடப் புத்தகத்தில் கொள்ளளவி என்று போட்டிருப்பார்களே, அது. கண்டென்சரின் குணம், வாங்கியதை வைத்திருந்து திருப்பிக் கொடுப்பது. கேட்க நல்ல குணம் மாதிரிதான் இருக்கும். ஆனால் தோட்டத்துக் கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள்: சம்பளத்தன்று அரிசி மூட்டையைக் கடனாகத் தூக்கிப் போய், மறுநாள் 'வேணாங்க' என்று திருப்பித் தூக்கி வந்து போடுகிற வாடிக்கையாளர் அவருக்கு லாபமா, முதுகுவலியா? அம்பிளிபயருக்கும் முதுகுவலிதான். ஸ்பீக்கரில் செலவாகாமல் திரும்பி வரும் சக்தி முழுக்க அம்பிளிபயரின் வயிற்றில் சூடாகத் தங்கும்.

அது மட்டுமா? அம்பிளிபயர் தன் முன்னே உள்ள தடையை ஓம் கணக்கில் பார்க்கும். 1957-இன் குவாட், தாழ்ந்த சுரங்களில் முப்பது ஓம் அளவுக்குக் காட்டி அமைதியாக இருப்பார். உச்ச சுரங்களுக்குப் போகப் போக அது சரிந்து இரண்டு ஓம் பக்கம் வந்து நிற்கும். ஓம் குறையக் குறைய அம்பிளிபயர் கொட்ட வேண்டிய கரண்ட் கூடும். யாழ்ப்பாணத்து ஆட்கள் எதற்கெடுத்தாலும் 'ஓம்' என்பார்கள். துரை, கேள்வி கடினமாகும்போதெல்லாம் ஓமைக் குறைத்துக்கொள்வார்.

இன்னும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. நல்ல அம்பிளிபயர் தன் வாயிலிருந்து என்ன வெளியே போகிறது என்று தானே பார்த்து, உள்ளே வந்ததோடு ஒப்பிட்டு, பிழையைத் திருத்திக்கொண்டே இருக்கும். கண்டென்சரைக் கட்டினால் அந்தத் தகவல் தாமதமாக வந்து சேரும். நேற்றைய செக்ரோலை, அதாவது வரவுப் பதிவேட்டைப் பார்த்து இன்றைக்கு ஆளை விரட்டுகிற கங்காணியை நினைத்துக்கொள்ளுங்கள். வராதவனைத் தேடிப் போவார், அவன் வந்து நிற்பான். வந்தவனைத் திட்டுவார், அவன் போயிருப்பான். திருத்தமே பிழையாகி, பிழை பெருகி, அம்பிளிபயர் மனிதக் காதுக்கு எட்டாத உச்ச சுரத்தில் தன்பாட்டில் அலற ஆரம்பிக்கும். வீட்டுக்காரருக்கு ஒன்றும் கேட்காது. கொஞ்ச நேரத்தில் வாசம் மட்டும் வரும்.

வாக்கர் தமது துரைக்குப் பொருத்தமான கங்காணியை முன்கூட்டியே தயாராக வைத்திருந்தார். 1953-இல் வந்த குவாட் 2. இரண்டு கேடி66 வால்வுகள், வெறும் 15 வாட். இன்று ஓட்டோக்காரர் சீட்டுக்குக் கீழே வைத்திருக்கிற பெட்டியில் இதைவிடப் பத்து மடங்கு எழுதியிருக்கும் (எழுதியிருக்கும் என்றுதான் சொன்னேன்). ஆனால் வால்வ் பழைய காலத்து மனிதர். துரை திட்டினால் சிவந்து, வேர்த்து, மறுபடி வேலையைப் பார்ப்பார். நடுவில் இருக்கும் டிரான்ஸ்போர்மர் கோபத்தைப் பாதியாக்கிக் கொடுக்கும். அந்தக் குடும்பம் பத்து வருடம் சண்டை இல்லாமல் ஓடியது.

பிறகு டிரான்சிஸ்டர் இளைஞர்கள் வந்தார்கள். படித்தவர்கள், சூடு இல்லாதவர்கள், உடம்பு சின்னது, வாட் பெரிசு. சாதாரண ஸ்பீக்கர்களை ஆட்டி வைத்துப் பெயர் எடுத்துவிட்டுத் துரையின் பங்களாவுக்கு நேர்முகத் தேர்வுக்கு வந்தார்கள். வந்தவர்களில் பலர் வாசற்படியிலேயே செத்தார்கள். டிரான்சிஸ்டருக்குச் சிவக்கத் தெரியாது. தாங்குகிற வரைக்கும் தாங்கும், அடுத்த கணம் கண் மூடிவிடும். சாகாமல் இருக்கச் சிலவற்றுக்குக் காவல் சுற்று வைத்தார்கள். துரை கரண்ட் கேட்டதும் அது 'ஆபத்து' என்று நினைத்துக் கதவைச் சாத்தும், பாட்டின் நடுவே கிரீச்சென்று ஒரு சத்தம் வரும். பழி துரை மேல்தான் விழும்: நிலைமின் ஸ்பீக்கர் என்றாலே தொல்லை என்று. சில வீடுகளில் நடுவே ஒரு ஓம் மின்தடை ஒன்றை வைத்துக் கட்டிப் பிழைத்தார்கள். பங்களாவுக்கும் லயத்துக்கும் நடுவே பெரிய கிளாக்கரை உட்கார வைக்கிற அதே உபாயம்.

கடைசியில் வாக்கரே தம் வீட்டிலிருந்து ஒரு டிரான்சிஸ்டர் பிள்ளையை அனுப்பினார். 1967, குவாட் 303, 45 வாட். இந்த இடத்தில் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். 1957-இன் துரைக்கு உச்சமாக 33 வோல்ட்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் உள்ளே மின்பொறி பறந்து படலத்தில் ஓட்டை விழும். எட்டு ஓமில் 45 வாட் என்றால் உச்சம் சுமார் 27 வோல்ட். சரி, பிள்ளை ஒழுக்கமானவன். 1975-இல் அடுத்தவன் வந்தான்: குவாட் 405, 100 வாட். அதன் உச்சம் 40 வோல்ட். துரையைக் கொல்லப் போதும். அவரோடு கட்டுவதென்றால் 405-இன் வாய்க்கு ஒரு பூட்டுப் போட வேண்டியிருந்தது. ஆக இந்தக் கல்யாணத்தில் இரண்டு பக்கமும் ஆபத்து: ஏழை அம்பிளிபயரைத் துரை கொல்வார், பணக்கார அம்பிளிபயர் துரையைக் கொல்லும்.

405-இன் உள்வேலை மட்டும் எனக்குத் தனியாகப் பிடிக்கும். வாக்கரும் அல்பின்சன் என்ற அவருடைய எஞ்சினியரும் செய்த சூழ்ச்சி அது. உள்ளே இரண்டு அம்பிளிபயர். ஒன்று சின்னது, சுத்தமானது, கணக்குப் பிசகாதது. மற்றது முரட்டு டிரான்சிஸ்டர்கள். பாரம் தூக்க மட்டும் தெரியும், நயம் கிடையாது. முரடர்கள் மூட்டையை அள்ளிக் கொட்டுவார்கள். சிந்தியதையும் குறைந்ததையும் சின்னது பார்த்துச் சரி செய்யும். இதைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை நூறு வருடமாகச் செய்து வந்தார். யாரும் அவருக்குக் காப்புரிமை கொடுக்கவில்லை. அதே 1975-இல்தான் இங்கே கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாகி வெள்ளைத் துரைமார் கப்பலேறினார்கள். அரசாங்கத் துரைமார் வந்தார்கள். நிறம் மாறியது, அரைக்காற்சட்டையும் நாயும் மாறவில்லை.

ஹண்டிங்டனிலும் வாரிசு வந்தார். 1963-இல் யோசிக்க ஆரம்பித்ததால் பெயர் 63. கடைக்கு வந்தது 1981. பதினெட்டு வருடக் கர்ப்பம். இவர் கொஞ்சம் நவீன துரை. உள்ளே மின்பொறி கிளம்புவதை மோப்பம் பிடிக்க ஒரு சின்ன ஏரியல் வைத்திருப்பார். வாடை பட்டதும் தம்மைக் காப்பாற்ற என்ன செய்வார் தெரியுமா? அம்பிளிபயரின் இரண்டு கம்பியையும் நேராக ஒன்றோடு ஒன்று முட்டவிட்டுவிடுவார். துரை தப்பினார். கங்காணியின் கதி அவனவன் தலைவிதி. பழையவரும் 1985 வரை உற்பத்தியில் இருந்தார்.

மற்ற நாட்டுக்காரர்கள் வேறு விதமாக முயன்றார்கள். கனடாவில் டேட்டன்-ரைட் என்பவர்கள், பொறி பறக்காமல் இருக்கப் படலத்தைக் கந்தக ஹெக்சாபுளோரைட் வாயு நிரப்பிய பைக்குள் அடைத்தார்கள். அமெரிக்காவில் அகூஸ்டாட் என்ற கம்பனி பொருத்தம் பார்க்கும் தொல்லையே வேண்டாமென்று, உயர் வோல்ட் வால்வ் அம்பிளிபயரை ஸ்பீக்கரின் அடியிலேயே பூட்டி விற்றது. வீட்டோடு மாப்பிள்ளை. மாப்பிள்ளைக்கு நோவு வந்தால் வீட்டையே தூக்கிக்கொண்டு வைத்தியரிடம் போக வேண்டும் என்பதை யாரும் யோசிக்கவில்லை.

இவ்வளவு சொன்ன பிறகு வரக்காப்பொல எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். படலத்தில் வருகிறது. பிளாஸ்டிக்கில் மின்சாரம் பரவாது. அதன் மேல் ஏதாவது பூச வேண்டும். வீட்டில் கையால் நிலைமின் ஸ்பீக்கர் செய்கிறவர்கள் உலகம் முழுக்கப் பூசியது காரீயத் தூளை, அதாவது கிராபைட்டை. காரீயம் எங்கே? எங்கள் கேகாலை மாவட்டத்துப் போகல சுரங்கத்தில். கல்லுக்குள் நரம்பாக ஓடுகிற, சுத்தத்துக்குப் பெயர் போன காரீயம். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து கப்பல் கப்பலாக ஏற்றினோம். பென்சிலுக்கும் உலைக்கும் போனது போக, கொஞ்சமாவது துரையின் முகத்துக்குப் பவுடராகப் போயிருக்காதா?

இந்த நினைப்பு 1996 மின்வெட்டுக் காலத்தில் என் மண்டைக்குள் புகுந்தது. நான் அப்போது டவுனில் ஒரு ரேடியோ பாஸிடம் எடுபிடி. ஓட்டைத் தகடு இரண்டு வெட்டி, சட்டம் அடித்து, நடுவே படலத்தை இழுத்து ஒட்டி, காரீயத்தைப் பஞ்சில் தொட்டுத் தேய்த்தேன். இதில் கஞ்சத்தனம் வேண்டும். பூசினது கண்ணுக்குத் தெரியவே கூடாது. மின்னேற்றம் படலத்தில் ஏறிய இடத்திலேயே கிடக்க வேண்டும். கரி கூடினால் அது ஓடித் திரிந்து ஒரே இடத்தில் கூடிப் பொறியாகப் பாயும். எனக்குச் சின்ன வயதிலிருந்தே பவுடர் கூடப் போடுகிற பழக்கம்.

பாஸ் வந்து பார்த்தார். "மல்லி, என்னா இது? கோழிக்கூட்டுக் கதவா?"

"ஸ்பீக்கர் பாஸ்."

அவர் மீட்டரை எடுத்து, ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, மறு கையால் முனைகளைத் தொட்டுப் பார்த்தார். உயர் வோல்ட்டில் வேலை செய்கிறவர்களின் தற்காப்பு அது. "ஸ்பீக்கர் இல்ல மல்லி, இது கண்டென்சர். என்ட அம்ப்ல மட்டும் கொளுவ வேணாம்."

அவர் தேத்தண்ணி குடிக்கப் போன நேரம், படலத்துக்கு உயர் வோல்ட்டை ஏற்றி, ஒரு டிரான்ஸ்போர்மர் வழியாக அவருடைய அம்பில் கொளுவினேன். முன்னேயும் பின்னேயும் ஒரு பெண் குரல், பெட்டியில்லாமல், காற்றில் நின்று பாடியது. எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. பாட்டில் ஒரு அடி முடியவில்லை. பிறகு படலத்தில் நீலமாக ஒரு பொட்டு, 'டப்' என்ற சத்தம், அம்பின் பின்பக்கத்திலிருந்து எனக்குத் தெரிந்த அந்த வாசம். வெளியே சித்திரை மாதத்துப் பின்னேர இடி முழங்கிக்கொண்டிருந்ததால் பழியை மின்னல் மேல் போடலாமா என்று யோசித்தேன். பாஸ் உள்ளே வந்து மூக்கை உறிஞ்சினார். மின்னலுக்கு அந்த வாசம் கிடையாது என்று அவருக்குத் தெரியும்.

இரண்டு டிரான்சிஸ்டரின் விலை என் சம்பளத்தில் போனது. ஒரு தகட்டை அவர் எடுத்துச் சூடு வெளியேற நல்லது என்று அதே அம்பின் பின்மூடியாகப் பூட்டிவிட்டார். மற்றதை நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மா அதைக் கழுவி, காரீயக் கறை போகத் தேய்த்து, நாலு செங்கல் மேல் வைத்து மிளகாய் காயப்போட்டார். ஓட்டை வழியே காற்று வந்து நன்றாகக் காய்ந்ததாம். மறுநாள் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, இதுக்கு ஜோடி ஒண்ணு இருந்திருக்குமே, அதை எங்கடா வச்ச?"